பொட்டு வைத்த போர்டு

“ஏனுங்க டீச்சர், கம்ப்யூட்டர்ல யாரும் தொடாமயே எழுத்து விழுகுது. தட்டறது யாருங்க?”

மாரப்பன் இப்படிக் கேட்டபோது காலை பதினோரு மணி. ஜன்னல் வழியே பீளமேட்டு வெயில் டீச்சரின் வேலை மேசை வரைக்கும் வந்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

சொர்ணவல்லி டீச்சர் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள்.

“என்ன எழுத்துங்கண்ணா?”

“கே. இங்கிலீஷ் கே. நான் பேசினா விழுகுது.”

“யாருகிட்டப் பேசினா?”

மாரப்பன் பையிலிருந்து கம்ப்யூட்டரையும் போர்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபது வயது சின்னவளிடம் இரண்டு வருஷமாகச் சர்க்யூட் போர்டு வேலை கற்றுக்கொள்கிறார். எல்லாம் ஒரு கேசட்டுக்காக.

தம்பி குழந்தைவேலு காலேஜில் படிக்கும்போது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஓட்டுகிற பழைய வகை. “ஒருக்கா தட்டிப் பாருண்ணா” என்று அவன் கூப்பிடாத நாள் இல்லை. அண்ணனுக்கோ எந்நேரமும் ஷிப்ட். “அந்த விளையாட்டுச் சாமானை மூட்டை கட்டு” என்பார். அந்த வருஷமே மஞ்சள் காமாலை தம்பியைக் கொண்டுபோய்விட்டது.

மிஞ்சியது அந்தக் கம்ப்யூட்டரும், அவன் எழுதிய புரோகிராம் இருந்த ஒரு கேசட்டும். மேலே அவன் கையெழுத்தில் ‘அண்ணனுக்கு’. கீழே சின்னதாக, ‘மெமரி பத்தாது, போர்டு மாட்டணும்’.

மெமரியைக் கூட்டுகிற அந்தப் போர்டைத்தான் மாரப்பன் தானே செய்திருந்தார். கேசட்டின் நாடா நைந்துபோய்விட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை ஓடும் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தாள். நடுவில் ஒரு எழுத்து தானாக விழுந்தாலும் எல்லாம் கெட்டது. கேசட்டைப் போட அவருக்குக் கை வரவில்லை.

டீச்சர் கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து, போர்டைப் பின்பக்கம் செருகினாள். போர்டின் நாற்பது கம்பிக் கால்களும் பளிச்சென்று பற்றவைக்கப்பட்டிருந்தன. கால்களின் நடுவே கொஞ்சம் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

“இது?”

“புது மெஷினுங்களே. மில்லுல பொட்டு வைக்காம நாங்க சுவிட்சு போட்டதே இல்லீங்க.”

அவள் சுவிட்சைப் போட்டாள்.

“வீட்டுல பேசற மாதிரியே பேசுங்க.”

மாரப்பனுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் தம்பியைக் கூப்பிடுவதுபோல மெஷின்மேல் குனிந்தார்.

“குழந்தே, சாப்பிட்டியா?”

திரையில் ஒரு கே விழுந்தது.

கீகளின் மேல் யார் கையும் இல்லை. சுவரில் பல்லி கூட இல்லை. மாரப்பனின் கையில் முடி சிலிர்த்து நின்றது.

“கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க.”

நின்று பேசினார். விழவில்லை.

“இப்ப கிட்ட வந்து, பேசாம, மூச்சைப் புடிச்சுட்டு நில்லுங்க.”

நின்றார். விழவில்லை.

டீச்சர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். குங்குமத்துக்கு நேராக வாயைத் திறந்து, கண்ணாடி துடைக்கும்போது ஊதுவதுபோல, சத்தமில்லாமல் ஊதினாள்.

கே.

மறுபடி ஊதினாள்.

கே. கே.

மாரப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சின் ஈரம் பட்டால் காய்ந்த சந்தனத்தில் கரண்ட் கசியும். பக்கத்துக் கால்கள் இரண்டும் தொட்டுக்கொண்டதுபோல ஆகும். கீயைத் தட்டியதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். முப்பது வருஷம் ஷாக் அடித்துப் படித்த மனிதருக்கு அதை வாயால் விளக்க வேண்டியதில்லை.

டீச்சர் ஸ்பிரிட் பாட்டிலையும் பிரஷ்ஷையும் அவர் முன்னால் நகர்த்தினாள்.

“துடைச்சா நின்னுருமுங்களா?”

“நின்னுரும்.”

“நிக்காம இருக்கோணும்னா?”

“கேசட்டை மறந்துருங்க.”

மாரப்பன் பாட்டிலைத் தொடவில்லை. போர்டைக் கழற்றித் துண்டில் சுற்றினார். கம்ப்யூட்டரையும் கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

டீச்சர் ஸ்பிரிட் பாட்டிலை மூடி வைத்தாள்.

எட்டாம் நாள் அதே பதினோரு மணிக்கு வந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“எட்டு நாளா பேசினேன் டீச்சர். அம்மா செத்ததச் சொன்னேன். அதுக்கும் கே. எம் பேத்தி பொறந்ததச் சொன்னேன். அதுக்கும் கே.”

டீச்சர் பாட்டிலையும் பிரஷ்ஷையும் மறுபடி மேசைமேல் எடுத்து வைத்தாள்.

“அவன் வாயாடிங்க. ஒத்த எழுத்தோட விடறவனே இல்ல.”

தானே பிரஷ்ஷை எடுத்தார். ஸ்பிரிட்டில் நனைத்தார். பொட்டு கரைந்து சிவப்பாக ஓடியது. ஒரு பச்சைக் குழந்தையின் நெற்றிப் பொட்டை அழிப்பதுபோல மெல்லத் துடைத்தார். கால்களின் இடுக்கெல்லாம் வெள்ளையாகும்வரை தேய்த்தார். வெயிலில் காயவைத்தார்.

போர்டைச் செருகிக் கிட்டப் போய் ஊதிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. திரை வெறுமனே இருந்தது. மாரப்பனுக்கு அழுகை வந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

கேசட்டைப் போட்டார்.

நாடா கீச்சிட்டது. கிரீச் கிரீச்சென்று நாலு நிமிஷம். ஐந்தாவது நிமிஷத்தில் சத்தம் இழுபட்டு, தேய்ந்து, நின்றது. டேப் ரெக்கார்டருக்குள் நாடா அறுந்து சுருண்டுகொண்டது.

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

மாரப்பன் பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். டீச்சர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

ஒரு எழுத்து விழுந்தது.

கே இல்லை.

இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. யோசித்து யோசித்துத் தட்டுகிறவன் வேகத்தில், இங்கிலீஷ் எழுத்தில், தமிழில் ஒரு வரி.

‘தட்டறது யாரு? அண்ணனா?’

வரியின் முடிவில், பதிலைத் தட்டச் சொல்லி, ஒரு வெள்ளைக் கட்டம் மின்னி மின்னி நின்றது.

மாரப்பன் திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

“உங்களைத்தான் கேக்கறாங்க,” என்றாள் அவள். “சொல்லுங்கண்ணா.”