பிறையில் சோறு வைக்காத வீடு

வெகு வெகு காலத்துக்கு முன்னே மேனிபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. எங்கே இருந்தது என்று ஊர் ஊராகத் தேட வேண்டாம். சட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், அதன் மதில் தட்டுப்படும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். வீட்டில் எது சமைத்தாலும் ஒரு பிடி எடுத்து வாசல் சுவரில் விளக்கு மாடம் போல இருக்கும் பிறையில் வைத்துவிட வேண்டும். வெள்ளுடைக் காவலர்கள் தெருவோடு வந்து மோந்து பார்ப்பார்கள். நம்மூர்ச் சமையல் என்றால் பேசாமல் போவார்கள். வேற்று வாசனை வந்தால் வீட்டையே இடிப்பார்கள். அந்தக் காவலர்களில் வெண்கொடி என்றொரு பெண் இருந்தாள். மூக்கு என்றால் அவள் மூக்குதான்.

ஒரு மழைநாளில் உருமாறி என்ற மந்திரவாதி ஈரக்காற்றில் ஏறி ராஜ்யத்துக்குள் புகுந்தான். அவன் மந்திரம் போட்ட வீட்டில் எல்லாரும் கண் திறந்தபடியே உறங்கி, அவன் உருவத்தில் மாவுப் பொம்மை பிசைந்து சுடுவார்கள். சுட்ட பொம்மை எழுந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும். பிசை, சுடு, நட. பிசை, சுடு, நட. ராஜா காய்ச்சலில் படுத்துவிட்டார்.

காவலர்கள் சும்மா இருப்பார்களா? பிறையில் பொம்மை மாவு மணத்த வீடுகளை எல்லாம் இடித்தார்கள். உருமாறி லேசுப்பட்டவனா? "பிறையில் எதையும் வைக்காதீர்கள்" என்று மந்திரத்தை மாற்றிப் போட்டான்.

வெறும் பிறை என்றால் அந்த நாட்டில் துக்க வீடு. அங்கே அடுப்பு எரியாது, காவலர்களும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். தலைப்பாகையைக் கழற்றி வணங்கிவிட்டு நகர்வார்கள். மரியாதை நல்லதுதான், ஆனால் அந்த மடையர்கள் எதிரிக்கல்லவா கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்கள்!

அப்படி வரும்போது வெண்கொடியின் அக்கா கோதையின் வீடு வந்தது. பிறை வெறுமையாக இருந்தது. அக்கா வீட்டில் சாவா என்று வெண்கொடி அழத் தொடங்கினாள். தளபதி மாறவேள் அவளைத் தேற்றி, தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். அவள் அழுதுகொண்டே கழற்றினாள். கும்பிட்டு நிமிர்ந்தவள் கண்ணில் கூரை பட்டது.

"துக்க வீட்ல அடுப்பு எரியுமா, தளபதியாரே?"

"எரியாதும்மா."

"அப்போ கூரையில புகை எப்படி வருது?"

தளபதி அண்ணாந்து புகையைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "இடிச்சா உன் அக்காவும் உள்ளேதானே இருக்கா" என்றார்.

"தெரியும். கடப்பாரையைக் குடுங்க."

வாங்கி ஓங்கினாள். முதல் அடியில் நிலை பெயர்ந்தது. இரண்டாம் அடியில் சுவர் சரிந்தது. மூன்றாம் அடியில் அடுப்பு நொறுங்கியது. அடுப்பு அணைந்ததும் மந்திரம் விட்டது. பொம்மைகள் பொலபொலவென்று மாவாய் உதிர்ந்தன. மாவுக் கையோடு எழுந்த கோதை, "ஏண்டி, என் வீட்டையா இடிச்சே?" என்று திட்டினாள். திட்டு வாங்கி அப்படிச் சந்தோஷப்பட்டவளை உலகம் பார்த்திருக்காது. வெண்கொடி அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

அப்புறம் என்ன, பிறை காலி, கூரையில் புகை என்றால் அங்கே கடப்பாரைதான். ராஜா காய்ச்சல் தெளிந்து எழுந்தார். கோதைக்குப் புது வீடு கட்டித் தந்தார். வெண்கொடியைக் கோட்டை வாசலுக்குத் தலைவியாக்கினார்.

தப்பி ஓடியிருந்த உருமாறி அடுத்த மழைக்குப் புது வேஷத்தில் வந்தான். வாசலிலேயே வெண்கொடி அவனை மோந்து, பிடித்து, தூள் தூளாக்கிவிட்டாள். இப்படி ஒருவன் வந்ததே தெரியாமல் ராஜா உள்ளே பணியாரம் தின்றுகொண்டிருந்தார்.