மூன்றாவது கல்

மலையடி மடத்துச் சாமிக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய சீடர்களில் வெள்ளத்தாய்க்கு மட்டும் அறுபது தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் வந்து மடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாதி நாள் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. காலை மூடுபனி மலையிலிருந்து இறங்கி மடத்து முற்றத்தில் படுத்துக் கிடந்தது. அதற்குள்ளிருந்து வெள்ளத்தாய் வந்தாள். முந்தானையில் எதையோ சுற்றி, பிள்ளையைப் போல இடுப்பில் இடுக்கியிருந்தாள்.

"என்ன தாயி, பாரமா இருக்கு?"

"எங்க வீட்டு அடுப்புக் கல்லு சாமி."

அவள் ஊரில் அடுப்பு என்பது லேசுப்பட்ட சொல் இல்லை. சோறு பொங்குவதும் அடுப்புதான். கோயில் கொடை விழாவுக்கு வரி போடும்போது குடும்பத்துக்கும் அதுதான் பெயர்; இந்தத் தெருவில் இத்தனை அடுப்பு என்பார்கள். வீட்டுக்குள் குடியிருக்கிற சாமியும் அடுப்பம்மாதான். மூன்று கல்லுக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தால் அதுவே அவளுக்குக் கோயில். வீட்டில் கல்யாணம் என்றால் முந்தின நாள் பொழுது சாய அந்தக் கற்களின் மேல் பொங்கல் பானை ஏறியாக வேண்டும்.

போன வருஷம் வெள்ளத்தாயின் குடும்பமும் அவள் கொழுந்தன் குடும்பமும் அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். எதற்குச் சண்டை வந்தது என்று கேட்டால் இப்போது யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. பழைய வீடு கொழுந்தனுக்குப் போனது. மேலத்தெருவில் பார்த்த வீட்டுக்குச் சாமான் ஏற்றும்போது வெள்ளத்தாய் விறுவிறுவென்று உள்ளே போய், மூன்று கல்லில் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். கொழுந்தன் பெண்டாட்டி சீனியம்மா வாசலில் நின்று வாயில் வந்தபடி ஏசினாள். அன்றோடு பேச்சு அற்றுப்போனது.

"நாளைக்கு அவ மகளுக்குக் கல்யாணம்" என்றாள் வெள்ளத்தாய். "வடிவு. நான் தோள்ல போட்டு வளத்த பிள்ள. ஆள் விட்டுச் சொல்லுதா சாமி. நேர்ல வந்து ஒரு வார்த்த கூப்பிடல."

கல்லை இடுப்பிலிருந்து இறக்கிச் சாமிக்கு முன்னால் வைத்தாள்.

"இந்தக் கல்ல எடுத்ததுலேருந்து ஒரே சொப்பனம். செவப்புச் சேல கட்டுன பொம்பள ஒருத்தி ஈரத் தலையோட தெருவுல நடக்கா. சீனியம்மா வாசல்ல போய் நிக்கா. உள்ள போகல. திரும்பி வந்து எங்க வாசல்ல நிக்கா. இங்கயும் ஏறல. அடுப்பம்மாதான் சாமி அது. அவ எங்கிட்ட இருக்காளா, அங்க இருக்காளா? அத மட்டும் சொல்லிருங்க."

"நீங்க எந்த அடுப்பப் பிரிச்சீங்க தாயி? சோறு பொங்குறதா, வரி கட்டுறதா, சாமியா?"

"மூணும் ஒண்ணுதான?"

"பானைய வைங்க. பாப்போம்."

சாமியே ஓடையில் இறங்கி இரண்டு கல் எடுத்து வந்தார். அவளுடைய கல்லையும் சேர்த்து வைத்து, கஞ்சிப் பானையை ஏற்றி, வெள்ளத்தாய் தீ மூட்டினாள். புகை எழுந்து பனியோடு கலந்தது. எது புகை, எது பனி என்று தெரியவில்லை. அதற்குள் சிவப்பாக ஏதோ அசைந்தது போலிருந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தீதான் எரிந்துகொண்டிருந்தது.

கஞ்சி தளதளவென்று கொதித்தது.

"கொதிச்சிருச்சே" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை.

"ஆமா."

"அப்ப அவளும் ஓடக் கல்லு ஒண்ண எடுத்து வச்சிருப்பாளோ?"

"வச்சிருப்பாங்க."

"சாயந்தரம் பான பொங்கிருமா?"

"நல்லாப் பொங்கும்."

"நான் இல்லாமலே?"

"நீங்க இல்லாமலே."

வெள்ளத்தாய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தக் கல் இல்லாமல் கல்யாணம் நடக்காது என்றுதான் ஒரு வருஷமாக நம்பியிருந்தாள். சீனியம்மா வந்து, 'அக்கா, கல்லைக் குடு' என்று கெஞ்சுவாள். கொஞ்ச நேரம் அவளை அலைக்கழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். பாவம், எத்தனை முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாளோ!

சாமி கஞ்சியை ஊற்றி அவள் முன்னால் வைத்தார். அவள் தொடவில்லை. வெயில் ஏறி, பனி கலைந்து, கீழே ஊர் தெரிந்தது. கொழுந்தன் வீட்டுப் பந்தல்கூடத் தெரிந்தது.

"பிள்ளைய மாலையோட ஒரு தடவ பாக்கணும் சாமி."

"பாருங்க."

"கல்லக் கொண்டுபோனா அவ வாங்க மாட்டா."

"வாங்காமலும் இருக்கலாம்."

சாமி பானையை இறக்கிவிட்டு அடுப்பில் தண்ணீர் தெளித்தார். 'புஸ்' என்று ஆவி எழுந்தது. சூடு அடங்கும்வரை பொறுத்திருந்து, அவளுடைய கல்லைக் கரி போகக் கழுவி அவள் கையில் கொடுத்தார்.

வெள்ளத்தாய் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். நாலு எட்டு வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவ உள்ள வான்னு சொல்லாம, வாசல்லயே நிக்க வச்சுட்டான்னா?"

"ஒரு வருஷமா அடுப்பம்மா அங்க தனியா நிக்காங்க தாயி" என்றார் சாமி. "கொஞ்ச நேரம் தொணைக்கு நில்லுங்க."