சேறு யாரைத் தாங்கும்?

அந்தக் காலத்தில், வாயுள்ள உயிர்களும் வாயில்லாத மண்ணும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, ஏரிச் சேறு யார் எப்படி மிதித்தாலும் தாங்கியது. கொக்கு வைத்த காலும் யானை வைத்த காலும் அதற்கு ஒன்றுதான்.

அந்தச் சேற்றில் ஒரு நண்டு வளை தோண்டிக் குஞ்சுகளோடு இருந்தாள். குளிக்க வரும் யானை திமுதிமுவென்று இறங்கும். வளை இடியும். அவள் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போய் வேறிடம் தோண்டுவாள். ஒருமுறை இடிந்தபோது ஒரு குஞ்சு வெளியே வரவேயில்லை.

நண்டு யானைக்கு எதிரே போய் நின்றாள்.

"பெரியவரே, என் பிள்ளை உங்க காலடியில போயிருச்சு. கொஞ்சம் பார்த்து நடக்கக் கூடாதா?"

யானை குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கண்ணுக்கே தெரியாததை எப்படிப் பார்த்து நடக்கிறது? வழியில வீடு கட்டினது உன் தப்பு."

"நீங்க மிதிச்சு மிதிச்சுத்தானே இது வழியாச்சு?"

யானை காதை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. நண்டின் கோபம் சேற்றின்மேல் திரும்பியது.

"அவனைச் சொல்லி என்ன? முதுகைக் கொடுக்கிறது நீதானே. என் வீட்டை இடிய விட்டுட்டு அவன் காலைத் தாங்குறியே, வெட்கமா இல்ல?"

"தாங்குறது என் குணம், தாயி."

"ஓங்கி மிதிக்கிறவனுக்கும் ஒதுங்கி நடக்கிறவனுக்கும் ஒரே முகம் காட்டினா அதுக்குப் பேரு குணமில்ல. சொரணையில்லாத்தனம்."

அன்றிரவு முழுக்கச் சேறு அந்தச் சொல்லையே அசைபோட்டுக்கொண்டு கிடந்தது.

மறுநாள் யானை வந்து ஓங்கி மிதித்தது. சேறு தாங்கவில்லை, கூழாய் இளகியது. கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. யானை ஆத்திரத்தில் உதறியது. வயிறுவரை போயிற்று.

"விடு என்னை."

"நான் எங்கே பிடிச்சேன்? நீ அடிக்கிற அடிதான் உன்னை இறக்குது."

"இன்னும் நாலு உதை உதைங்க, பெரியவரே," என்றாள் நண்டு, கரையிலிருந்து.

சேறு தாடையைத் தொட்டபோது யானை பயந்துபோய் அசையாமல் நின்றது. அது நின்றதும் சேறும் இறுகிற்று, இறக்கம் நின்றது. அப்புறம் ஒவ்வொரு காலாக மெல்ல, மிக மெல்ல உருவ, சேறு வழிவிட்டது.

"அமுக்கியிருக்கலாமே," என்று நண்டு சீறினாள்.

"மெதுவா வர்றவனை எப்படி அமுக்குறது, தாயி?"

கரையேறிய யானை செத்த குஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

சேறு அப்படியே பழகிவிட்டது: உதைத்தால் இளகும், சும்மா விட்டால் இறுகும். அன்று முதல்தான் யானைகளும் ஈரமண்ணைக் கண்டால் துதிக்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலை வைக்கின்றன. அதை மரியாதை என்று நண்டுகள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.