முடியாத கீர்த்தி

மழைக்கும் மன்னனுக்கும் ஜனங்கள் ஒரே மாதிரி பயந்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து ராஜா ஒருவருக்குத் தருமகேசரி என்று பேர். நல்லவர்தான், கண்ணுகளா. தன் புகழைத் தன் காதால் கேட்கிற ஆசை மட்டும் அவருக்கு அடங்கவே அடங்காது.

அந்த ஊர் வழக்கம் இது. காலையில் சபை கூடியதும் முதலில் மெய்க்கீர்த்தி படிக்க வேண்டும். அரசர் இன்ன போரில் வென்றார், இன்ன குளம் வெட்டினார் என்று வரிசையாகச் சொல்லும் ஓலை அது. கடைசியில் ‘வாழி’ என்ற சொல் வருகிற வரைக்கும், அரசர் கேட்டாலன்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. எழுந்திருக்கவும் கூடாது. வழக்கும் வேண்டுகோளும் அதற்குப் பிறகுதான். பழைய ராஜா காலத்தில் ஒரு படி அரிசி வேகிற நேரத்துக்குள் முடிந்துவிடுமாம்.

தருமகேசரி காய்ச்சலில் கிடந்து பிழைத்த வருஷம், ஆஸ்தானப் புலவர் வாக்கீசர் அவர் காதோடு ஒன்று சொல்லிவைத்தார். கீர்த்தி ஒலிக்கிற சபைக்குள் எமன் நுழைய மாட்டான் என்று. அவ்வளவுதான். புலவர் எழுத எழுத ஓலை நீள ஆரம்பித்தது. போரில் வென்றார் என்று ஒரு வரி இருந்த இடத்தில், யானையின் கழுத்தில் எத்தனை மணி, எந்த மணிக்கு எந்த ஓசை என்று நாற்பது வரி வந்தது. பொழுது சாய்ந்தால் ஓலையில் நூல் கட்டி வைப்பார்கள். மறுநாள் நூல் கட்டிய இடத்திலிருந்து படிப்பார்கள். அந்த ஐப்பசியில் பதினாறு நாளாகியும் ‘வாழி’ வரவில்லை.

வெளியே அடைமழை. பகலிலேயே விளக்கு எரிந்தது. சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இப்போது நெளிவதுகூட இல்லை. மந்திரியின் காதுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. கண்கள் திறந்திருந்தன, இமை மட்டும் எப்போதாவது அசைந்தது. விகடகவி ஆவுடையப்பன் அதைப் பார்த்துவிட்டு, தன் கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டான். ஆடியது. அவனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

வாசற்படியில் ஒரு கறுத்த ஆள், தோளில் ஈரக் கயிற்றுச் சுருளோடு, தினமும் வந்து நின்றான். மடைக்காரன் பெரியகறுப்பன். ஏரி நிரம்பினால் மதகைத் திறக்க அரசர் தன் கையால் வெற்றிலை கொடுக்க வேண்டும். வெற்றிலை வாங்காமல் மதகைத் தொட்டவன் தலை தப்பாது. பேசக் கூடாத சபை என்பதால், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவன் தன் உடம்பிலேயே கையை வைத்துக் காட்டினான். முதல் நாள் முழங்கால். பிறகு இடுப்பு. பிறகு மார்பு. பதினாறாம் நாள் கழுத்தில் கை வைத்தான்.

ஏரிக்குக் கீழே மூன்று ஊர்கள் இருந்தன. அதில் கீழக்குடி ஆவுடையப்பனின் அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊர். அவன் வாசலையும் ராஜாவையும் மாறி மாறிப் பார்த்தான். ஆனால் ராஜா அந்தப் பக்கமே திரும்பவில்லை. கடைக்கண்ணால் எதையோ பார்ப்பார், உடனே முகம் வெளுத்து, இன்னும் படி என்று கையசைப்பார்.

அன்று சாயங்காலம் ஓலையில் நூல் கட்டும்போது ராஜாவுக்கு ஒரு ஆசை வந்தது. தம் கீர்த்திக்குத் தக்க ஒரு சொல் வேண்டுமாம். புலவர் உடனே, “முடிவற்றது” என்றார். ராஜா விகடகவியைப் பார்த்தார்.

“கடலுக்கும் முடிவில்லை, மகாராஜா. பல்வலிக்கும் முடிவில்லை” என்றான் ஆவுடையப்பன். “கடலைப் பார்த்தவன் கைகூப்புகிறான். பல்வலிக்காரன் எப்போது விடியும் என்று கேட்கிறான். புலவர் எதை நினைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. வாசலில் நிற்கிறவனைக் கேட்டால்...”

ராஜா கையை உயர்த்தினார். வேண்டுகோள் எல்லாம் கீர்த்திக்குப் பிறகு.

புலவருக்கு இதைவிட நல்ல சமயம் எப்போது வாய்க்கும்? “விகடருக்குக் கேட்டு அலுத்துவிட்டது போலும். நாளை முதல் அவரே படிக்கட்டுமே” என்றார் தேனாக.

ராஜா அப்படியே ஆணையிட்டார். “நாம் செய்ததில் ஒன்றையும் விடக் கூடாது. செய்யாததில் ஒன்றையும் சேர்க்கக் கூடாது. நாம் போதும் என்னாமல் நிறுத்தினால் உன் தலை உன்னுடையதல்ல.”

மறுநாள் ஆவுடையப்பன் படிக்க உட்கார்ந்தான். மணிகளைப் படித்தான், குடையின் கம்பிகளைப் படித்தான். உச்சிப்பொழுதில் கடைசி ஓலை வந்தது. புலவர் அடுத்த ஓலைக்காக எழுத்தாணியைத் தூக்கினார். ஆனால் எதை எழுதுவார்? பழையதெல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டது. ராஜா பதினாறு நாளாக ஒன்றுமே செய்திருக்கவில்லையே. எழுத்தாணி அந்தரத்தில் நின்றது.

ஆவுடையப்பன் ஓலையைக் கீழே வைத்தான். குரலை மட்டும் கீழே வைக்கவில்லை. அதே ராகத்தில் படித்தான்.

“ஐப்பசி மாதம், மழை நாள். அரசர் கீர்த்தியைக் கேட்டார். மறுநாளும் அரசர் கீர்த்தியைக் கேட்டார். அரசரின் வலக்கை தொடைமேல் இருந்தது. அரசர் அதை எடுக்கவில்லை. அரசர் கீர்த்தியைக் கேட்டார்.”

ராஜா நிமிர்ந்தார். “எந்த ஓலையில் இருக்கிறது இது?”

“ஓலை முடிந்தது, கீர்த்தி முடியவில்லை, மகாராஜா. தாங்கள் செய்வதில் ஒன்றையும் விடக் கூடாது என்று ஆணை. பார்த்துப் பார்த்துப் படிக்கிறேன்.”

மீண்டும் படித்தான். மந்திரியின் காதில் சிலந்தி குஞ்சு பொரித்தது. அரசர் கீர்த்தியைக் கேட்டார். வாசலில் ஒருவன் தாடைக்கு மேல் கை வைத்துக் காட்டினான். அரசர் கீர்த்தியைக் கேட்டார். விளக்கின் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, காற்றே இல்லை. அந்த ஒரே வரி திரும்பத் திரும்ப வர, உட்கார்ந்திருந்த அத்தனை பேர் உதடும் மெதுவாக அதனோடு சேர்ந்து அசைய ஆரம்பித்தது. ஆவுடையப்பன் தன் கால் கட்டைவிரலை மறுபடி ஆட்டிப் பார்த்துக்கொண்டான். ஆனாலும் நிறுத்தவில்லை.

“இதற்கு அடுத்த வரியை நான் இன்னும் படிக்கவில்லை, மகாராஜா. கரை உடைந்தால் அதையும் படித்தாக வேண்டும். மூன்று ஊர் போயின, அரசர் கீர்த்தியைக் கேட்டார் என்று அதுவும் தங்கள் பெயரோடுதான் நிற்கும்.”

ராஜாவின் குரல் சின்னப் பிள்ளையின் குரலைப் போல வந்தது. “முடித்தால் அவன் வந்துவிடுவான், ஆவுடையப்பா. கறுப்பாக, கையில் கயிற்றோடு. முதல் நாள் வாசலில் இருந்தான். நாளுக்கொரு தூணாக நகர்ந்து, இப்போது இந்தத் தூண் ஓரமாக இருக்கிறான்.”

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தான். தூண்களுக்கு அப்பால் வாசலில் பெரியகறுப்பன் இரண்டு கையையும் குவித்து ஏந்தி நின்றான்.

“அது பாசக்கயிறு இல்லை, மகாராஜா. மதகுக் கயிறு. எமன் கை ஏந்தி நிற்பானா? அவன் ஒரு வெற்றிலைக்காக நிற்கிறான்.”

ராஜா அந்த ஏந்திய கைகளைப் பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டைத் தம் கையால் எடுத்தார். ஆவுடையப்பன் விடாமல் படித்தான்.

“அரசர் எழுந்தார். அரசர் நடந்தார். அரசர் மடைக்காரனுக்கு வெற்றிலை கொடுத்தார்.”

“போதும்” என்றார் ராஜா.

“வாழி” என்றான் ஆவுடையப்பன்.

சபை முழுதும் ஒரே மூச்சாக மூச்சு விட்டது. மந்திரி காதைத் தட்டிவிட்டுக்கொண்டார். பெரியகறுப்பன் ஓடிய ஓட்டத்தில் மதகு திறந்து, ஏரிக்கரை தப்பியது.

நாலாம் நாள் வெயில் வந்தது. ராஜா ஆவுடையப்பனுக்குத் தம் தோளில் கிடந்த பட்டைப் போர்த்தினார். இனிமேல் மெய்க்கீர்த்தி ஒரே வரி, வெற்றிலை கொடுத்த வரி மட்டும்தான் என்றார். மணி வர்ணனை ஓலைகளைப் புலவரே தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை முழுதாகப் படித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் ஆணையானது. பிறகு பெரியகறுப்பனைக் கூப்பிட்டுத் தமாஷாகச் சொன்னார்.

“ஏனப்பா, தினமும் ஒரு தூண் தாண்டி வந்து எம்மை இப்படிப் பயமுறுத்தலாமா?”

மடைக்காரன் விழித்தான். “நானா? இல்லீங்க மகராசா. நான் அந்த வாசப்படியைத் தாண்டவே இல்லீங்களே.”

எல்லார் பார்வையும் சிம்மாசனத்துக்குப் பக்கத்துத் தூணுக்குப் போனது. வெயில் காய்ந்த தரையில் அந்த இடத்தில் மட்டும் ஈரம், ஒரு ஆள் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுந்த அளவுக்கு.

ஆவுடையப்பன் அந்த ஈரத்தைப் பார்த்தான். ராஜாவின் முகத்தைப் பார்த்தான். பாவமாக இருந்தது. சட்டென்று சொன்னான்.

“யாராக இருந்தால் என்ன, மகாராஜா? அவனும் பதினேழு நாள் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். இனி நூறு வருஷத்துக்கு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.”

ராஜாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்து, கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். அந்த ஈரமும், அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்துபோனது.

நானும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், கண்ணுகளா. கதையை இழுத்தால் யார் வந்து பக்கத்தில் உட்காருவார்கள் என்று நமக்குத்தான் தெரியுமே.