பிரபுவுக்குத் தங்கை முறை

நம் பக்கத்தில் சொந்தத்தில் பெண் எடுத்தால் ஊரே மெச்சும். அந்தக் காலத்தில், பிரான்சு நாட்டு நார்மண்டியில் அது தலைகீழ். ஏழு தலைமுறைக்குள் ரத்த உறவு என்று தெரிந்தால், நடந்த கல்யாணமே செல்லாது. பிரபு ரானுல்ஃப் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என் மனைவி ஹவீஸுடைய அப்பா வழித் தாத்தாவும் என் தாத்தாவும் கூடப்பிறந்தவர்களாம். இப்போதுதான் தெரிந்தது" என்று பிஷப்பிடம் சொன்னார். பிஷப்பும் நம்பிவிட்டார். மாலைக்குள் ஹவீஸ் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கன்னிமடத்துக்குப் போயாக வேண்டும்.

அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்திருந்த வேலைக்காரி கன்னோராவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்தால் கேட்காமல் விடமாட்டாள்.

"எசமான், அப்படியென்றால் அந்தத் தாத்தாவின் மற்றப் பேத்திகள் உங்களுக்கு என்ன முறை?"

"எல்லாரும் தங்கை முறைதான். இது தெரியாதா?"

கன்னோரா பிஷப் பக்கம் திரும்பினாள். "சாமி, அடுத்த மாதம் எசமானுக்குக் கல்யாணம். வாத்துகளைக் கொழுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார். பெண், நம் ஹவீஸ் அம்மாவின் சொந்தச் சித்தப்பா மகள். தங்கையைக் கட்டிக்கொள்ளலாமா?"

பிஷப்பின் முகம் சிவந்தது. "தங்கை என்று தெரிந்தே பெண் பேசினீரா? உம்மைத் திருச்சபையை விட்டே விலக்க வேண்டியிருக்கும்."

பிரபு தாடியைத் தடவினார். "நன்றாக யோசித்துப் பார்த்தால், சாமி, அவர்கள் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பக்கத்துக் கோட்டைக்காரர்கள்."

"அப்போ வாத்துகளை என்ன செய்வது?" என்றாள் கன்னோரா.

ஹவீஸ் மூட்டையைக் கீழே வைத்தாள். "இன்றைக்கே அடித்துச் சமை. சாமி சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்."