லார்ச் மரம் மொட்டையான கதை

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேச்சு இருந்தது. பனிமலையில் ஊசியிலை மரம் எதுவும் குளிருக்கு மொட்டையானதில்லை, லார்ச் மரம் உட்பட. மலையடிவாரத்தில் பூவணன் என்றொருவன் இருந்தான். லார்ச் என்றால் உயிரை விடுவான். குட்டையானது, கிளை தொங்குவது, நீலம் பாய்ந்தது என்று எங்கெங்கோ அலைந்து கொண்டுவந்து தோட்டத்தை நிறைத்திருந்தான்.

பக்கத்துத் தோட்டத்துக் கறுத்தாயியிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் இவன் மரத்தின் விதை காற்றில் போய் விழுந்து முளைத்தது. ஆனால் வழிப்போக்கர்கள் அதன் அடியில்தான் நின்றார்கள், அதைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். பூவணனுக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை.

கறுத்தாயி சந்தைக்குப் போன நேரம் பார்த்து வேலியோரம் வந்து அந்த மரத்திடம் குழைந்தான்.

"பழைய உடுப்போட எத்தனை நாள் நிப்ப? குளிருக்கு முன்னால எல்லாத்தையும் உதிர்த்துப் போடு. புதுசு இன்னும் அழகா வரும்."

தன் தாய்மரத்தை வளர்த்தவன் ஆயிற்றே என்று மரம் நம்பியது. உதிர்க்குமுன் அதன் இலைகள் பழுத்துப் பொன்மஞ்சளாயின. அதைப் பார்க்க ஊரே திரண்டது. பூவணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் எரிந்தது போதாதென்று அவனுடைய மரங்களுக்கும் பொறாமை வந்துவிட்டது. வளர்த்தவன் புத்தி எங்கே போகும்? அவையும் மஞ்சளாகி இலைகளை உதிர்த்தன.

பனி இறங்கியபோது இரண்டு தோட்டமும் மொட்டையாக நின்றன. இலையோடு பேச்சும் போயிருந்தது. கறுத்தாயி கலங்கிப்போய்த் தன் மரத்தின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தது. வேலிக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, வெட்டிராதீங்க. உள்ள உசிரு இருக்கு. கீறிப் பாருங்க."

பூவணன் கையில் கோடரி இருந்தது. பட்ட மரத்தைக் கட்டிக்கொண்டு நான் கிடக்க, இவள் புதுக்கன்று நட்டு முந்தப் பார்க்கிறாள் என்று நினைத்தான். பொய் சொன்னவனுக்கு யார் சொன்னாலும் பொய்யாகத்தான் படும். ஒரு மரத்தில்கூட அவன் நகம் வைக்கவில்லை. ஆத்திரம் தீர அத்தனையையும் வெட்டிச் சாய்த்தான்.

பனி உருகியதும் கறுத்தாயியின் மரம் இளம்பச்சையாகத் துளிர்த்தது. பூவணன் வேலியோரம் வந்து அதைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"தங்கச்சி, ஒரு விதை தருவியா?"

அன்று முதல்தான் லார்ச் மரம் ஆண்டுதோறும் மஞ்சளாகி இலை உதிர்க்கிறது. அதை வளர்ப்பவர்கள் கோடரியைத் தொடுமுன் பட்டையை நகத்தால் கீறிப் பார்ப்பதும் அன்று முதல்தான்.