கூப்பிட்டால் வரும் பறவை

"சிஸ்டர், அது பதில் சொல்ல மாட்டேங்குது."

மாசிலாமணி மூச்சு வாங்க வந்து நின்றார். காலில் சேறு, கையில் செல்போன்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். மனசு ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது என்று கொடைக்கானல் மலையில் இருந்த அந்தத் தியான இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் கவலைப்பட ஒரு பறவை கிடைத்துவிட்டது. கவலைப்படுகிறவர்களுக்கு எங்கே போனாலும் ஏதாவது கிடைக்கும்.

இல்லத்தை நடத்துகிற சிஸ்டர் பிபியானா அவரைவிட வயதில் நன்றாகவே சின்னவர். உப்புமா கிளறிக்கொண்டிருந்தார்.

"எது?"

"சோலைக்கிளி."

பேர்தான் கிளி. கைக்குள் அடங்குகிற பாட்டுக் குருவி அது. உடம்பு நீலம், வயிறு வெள்ளை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, அதுவும் மலை உச்சிச் சோலைகளில் மட்டும்தான் இருக்கும். நிழலையும் ஈரத்தரையையும் விட்டு வராது. நடுவில் புல்வெளி கிடந்தால் அடுத்த சோலைக்குப் போகவே தயங்கும். இப்படியே போனால் அழிந்துவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இல்லத்துக்குப் பின்னால் இருந்த துண்டுச் சோலையில் ஒரே ஒரு ஜோடி. கீழ்ச்சரிவில் தைல மரங்களை அறுக்க ஆரம்பித்ததிலிருந்து மாசிலாமணிக்குத் தூக்கம் போயிற்று.

"ஓடைக்கரைப் பொந்துல முட்டை வச்சிருக்கு, சிஸ்டர். அங்கேயே ஒரு கீரி வேற திரியுது. இதுவும் போச்சுன்னா இந்தச் சோலையில ஒண்ணுமே இல்ல."

"எப்படிக் கூப்பிட்டீங்க?"

போனை நீட்டினார். கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அதோட பாட்டையே போடுவேன். வேற ஒண்ணு இடத்தைப் பிடிக்க வந்துடுச்சுன்னு, ஜோடியா எங்க இருந்தாலும் ஓடி வரும்."

"வந்து?"

"தேடும். புதர் புதரா நுழைஞ்சு கத்திக் கத்தித் தேடும்."

"நீங்க?"

"இருக்குன்னு தெரிஞ்சுதே. நிம்மதியா வந்துடுவேன்."

"தினமுமா?"

"காலையில போடுவேன். மனசு கேக்காது, மத்தியானம் இன்னொரு தரம். சாயங்காலம் மழை வர்ற மாதிரி இருந்தா அப்பவும். இன்னிக்கு அரைகுறையா ஒரு குரல் வந்தது. அப்புறம் எவ்வளவு போட்டும் சத்தமே இல்ல."

சிஸ்டர் தட்டில் உப்புமாவை வைத்து ஒரு வாழைப்பழத்தையும் வைத்தார்.

"சாப்பிடுங்க."

"நான் திரும்பப் போகணும்."

"சூடு இருக்கும்போதே சாப்பிடுங்க. ஆறின உப்புமாவை ஆண்டவர்கூடத் தொடமாட்டார்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்தார். வளாகத்துச் சின்னக் கோயிலில் மணி அடித்தது.

அந்த இல்லத்தில் அது சட்டம். மணி அடித்தால் எழுதுகிறவர் பாதி எழுத்தில் பேனாவை வைக்க வேண்டும், சாப்பிடுகிறவர் பாதி வாயில் எழுந்து வரவேண்டும். மாசிலாமணி கையை உதறிக்கொண்டு ஓடினார். மணிக்கயிற்றைப் பிடித்தபடி சிஸ்டர் நின்றிருந்தார்.

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணுமில்ல. இருக்கீங்களான்னு பார்த்தேன்."

திரும்பிப் போய் உட்கார்ந்தார். மணி.

"இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. போய்ச் சாப்பிடுங்க."

உட்காரக்கூட இல்லை, மறுபடியும் மணி. ஓடினார். சிஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பி வந்தபோது பெஞ்சில் ஒரு குரங்கு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. ஒரு கை தட்டுக்குள், மறு கையில் வாழைப்பழம்.

மாசிலாமணிக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே கோயிலுக்குப் போனார்.

"என்ன விளையாட்டு இது? ஒரு மனுஷனை நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விடுறீங்களா? இருந்ததையும் குரங்கு கொண்டுபோயிடுச்சு."

சிஸ்டர் மணிக்கயிற்றை விட்டார்.

"ஆனா கூப்பிட்டதும் வந்தீங்களே. எனக்கு இப்ப நிம்மதி."

மாசிலாமணி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை அவர் சோலைக்குப் போனபோது போன் சமையலறை அலமாரியில் கிடந்தது.

ஓடையிலிருந்து தள்ளி ஒரு வேரில் உட்கார்ந்தார். மூடுபனி. கரைப்பக்கம் சருகு சலசலத்தது. பறவையாக இருக்கலாம். கீரியாகவும் இருக்கலாம். கை சட்டைப்பையைத் தேடிப் போயிற்று, வெறுமனே திரும்பி வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தார். சிஸ்டர் அடுப்படியில் இருந்தார்.

"இருக்கா?"

"தெரியல, சிஸ்டர்."

சிஸ்டர் தட்டில் உப்புமா வைத்துக் கொடுத்தார்.

அவர் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் காது மணிப்பக்கமே இருந்தது.

தட்டு காலியாகும்வரை மணி அடிக்கவில்லை.